ஆங்கில ஆசிரியர் மாநாட்டில் நான் கற்ற பாடம்

(ஜொகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றின் தமிழ்ப்பள்ளியில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, நிரையிலே நின்று பால் வெட்டி, அதை எடுத்து ஊற்றிவிட்டு, உடல் அயர்வையும் பொருட்படுத்தாமல் இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் பொழுது விலைமதிப்புள்ளது என்பதை நான் அறிவேன். எனவே, உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறேன்.

சென்ற முறை நான் இங்கு வந்திருந்தபோது, கூட்டம் முடிந்தபின் ஒரு தாயார் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, என் மகன் மற்றப் பாடங்களில் எல்லாம் தேறிவிடுகிறான். ஆங்கிலத்தில் மட்டும் பின்தங்கிப் போகிறான். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தினால்தான் அவனுக்கு ஆங்கிலம் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?” என்று அவர் கண்கலங்கக் கேட்டார். வண்டி புறப்பட நின்றமையால் அன்று இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அந்தத் தாயாருக்கு நான் பட்ட கடனை இன்று தீர்க்க விரும்புகிறேன்.

இந்தக் கேள்விக்குரிய விடையை நான் ஒரு மாநாட்டில் கற்றுக்கொண்டேன். தகவல் துறைக்கு வருமுன் நான் ஆசிரியனாக இருந்தவன். 2008-ஆம் ஆண்டில், குளுவாங் வட்டாரத் தோட்டப்பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, சிங்கப்பூரில் நடைபெற்ற அனைத்துலக மொழியாசிரியர் மாநாட்டில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அக்காலத்தில் நம் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டு வந்தன. 2003-இல் தொடங்கிய அந்த முறையைக் கைவிட 2009-இல்தான் அரசாங்கம் முடிவு செய்தது. ஆகவே, ஆங்கிலம் என்ற சொல்லைக் கேட்டாலே பெற்றோரும் மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே அஞ்சிய காலம் அது.

தொழிலாளர்க்குச் சங்கம் இருப்பதுபோல் ஆங்கில ஆசிரியர்களுக்கும் பல நாடுகளில் சங்கங்கள் உண்டு. நம் மலேசிய ஆங்கில ஆசிரியர் சங்கம் 1958-இல் தோன்றியது. அமெரிக்காவில் 1966-லும் பிரிட்டனில் 1967-லும் உலகளாவிய சங்கங்கள் தோன்றின. தென்கிழக்காசிய நாடுகளின் கல்வி அமைச்சர்கள் 1965-இல் கூட்டாக ஓர் அமைப்பை நிறுவினர். அறிவியலுக்கும் கணிதத்துக்கும் அவ்வமைப்பின் நிலையம் நம் பினாங்கில் இருக்கிறது. மொழிக்கான நிலையம் 1968-இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்டது. அதனை ‘ரெல்க்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நான் சென்றது அந்நிலையம் நடத்திய மாநாட்டிற்கே.

விடியற்காலையில் ஜொகூர் பாருவுக்கு வந்து, பாலத்தைக் கடந்து, பேருந்து மாறி ஆரஞ்சு குரோவ் சாலையை அடைந்தேன். தோளில் ஒரு பை. அதனுள் தூய்மையான சட்டை இரண்டு. மாநாட்டு மண்டபத்தில் நுழைந்தபோது என் கால்கள் சற்றுத் தயங்கின. இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம், பிலிப்பீன்ஸ், ஜப்பான் எனப் பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே திரண்டிருந்தனர். காலையில் அனைவரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து அறிஞர் ஒருவரின் உரையைக் கேட்போம். பின்னர்ச் சிறு அறைகளுக்குப் பிரிந்து, அவரவர் விரும்பிய பொருளைப் பற்றிக் கேட்டும் பேசியும் பழகுவோம். வெளியே நூல் வெளியீட்டாளர்கள் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள்.

முதல் நாள் பிற்பகல் ஒரு சிறு குழுவில் எங்களை ஐவர் ஐவராக அமர்த்தி, “நீங்கள் கற்பிக்கும் பள்ளியைப் பற்றி மற்றவர்களுக்குக் கூறுங்கள்” என்றார்கள். என் முறை வந்தது. அப்போது நான் செய்ததை இன்று உங்கள் முன்னிலையில் மறைக்காமல் சொல்கிறேன். “நான் குளுவாங் நகரப் பள்ளி ஒன்றில் கற்பிக்கிறேன்” என்று கூறிவிட்டேன். தோட்டம் என்ற சொல் என் நாவில் எழவில்லை. எங்கள் பள்ளியோ நகரிலிருந்து செம்மண் சாலையில் நெடுந்தூரம் உள்ளே, பால்மரங்களுக்கு நடுவே இருந்தது. அந்த மரங்களை வெட்டித்தான் என் தந்தையார் என்னைப் படிக்க வைத்தார். அதைச் சொன்னால் என் ஆங்கிலத்தையும் என்னையும் தாழ்வாக எண்ணுவார்களோ என்று அஞ்சினேன்.

எனக்கு அடுத்தாற்போல் பேசியவர் பிலிப்பீன்ஸ் நாட்டு அம்மையார் ஒருவர். தாம் மலைநாட்டுச் சிற்றூரில் கற்பிப்பதாகவும், தம் பெற்றோர் நெல் பயிரிடுபவர்கள் என்றும், தம் மாணவர்கள் வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் வேறொரு மொழியும் பேசுவதால் ஆங்கிலம் அவர்களுக்கு மூன்றாம் மொழி என்றும் அவர் தயக்கமின்றிக் கூறினார். அவருடைய ஆங்கிலத்தில் அவருடைய நாட்டு ஓசை நன்றாகக் கலந்திருந்தது. யாரும் நகைக்கவில்லை. மாறாக, நாற்காலிகளை அவரருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, “மூன்று மொழிகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். என்னிடமோ யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நகரப் பள்ளியைப் பற்றிக் கேட்க அவர்களுக்கு என்ன இருந்தது?

இரண்டாம் நாள், பிஜித் தீவில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டேன். பிஜித் தீவு நமக்கு அந்நியமான இடமன்று. 1879 முதல் 1916 வரை கரும்புத் தோட்டங்களில் பாடுபடுவதற்காக ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கப்பலேற்றப்பட்டனர். 1903-க்குப் பின் தமிழகத்திலிருந்தும் பலர் அங்கே போயினர். நம் முன்னோர் இங்கே வந்தது போன்றதே அவர்கள் கதையும்.

அந்நாட்டின் கிராமப் பள்ளிகளில், 1980-ஆம் ஆண்டையொட்டி, வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு கல்வியாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படங்களுடன் கூடிய எளிய ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் 250 வழங்கப்பட்டன. சில வகுப்புகளில் ஆசிரியர் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தார். சில வகுப்புகளில் பிள்ளைகள் நாள்தோறும் சிறிது நேரம் தாமாகவே வாசித்தார்கள். வேறு சில வகுப்புகள் வழக்கமான பாடமுறையையே பின்பற்றின. ஏறத்தாழ எட்டு மாதங்கள் கழித்துச் சோதித்துப் பார்த்தபோது, கதைப்புத்தகம் பெற்ற பிள்ளைகள் வாசிப்பிலும் கேட்டறிவதிலும் வழக்கமான வேகத்தைப்போல் இருமடங்கு முன்னேறியிருந்தனர். இரண்டாம் ஆண்டில் எழுத்திலும் இலக்கணத்திலும்கூட அப்பயன் தென்பட்டது. 1983-இல் அவ்வாய்வு வெளியாயிற்று. அந்தக் கிராமத்துப் பிள்ளைகளின் வீடுகளிலும் ஆங்கிலம் பேசுவோர் இல்லை என்பதை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்தது.

1980-களின் இறுதியில், நான் மூன்றாம் வகுப்பில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய காலம். எங்கள் லயத்தில் இரவு பத்து மணிக்கு மின்சார இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் என் தந்தையார் என்னைத் திண்ணையில் அமர்த்தி, ஆங்கிலப் பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்வார். அவருக்கு அதில் ஒரு சொல்லும் விளங்காது. ஆயினும், கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “ஐயா, நேற்றும் இந்த மூன்றாம் வரியில்தான் குரல் நின்றது. இன்றும் அங்கேயே நிற்கிறதே. நாளைக்கு வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு வா” என்பார். பட்டையில் கத்தி ஓடும் ஓசையைக் கொண்டே வெட்டு நேராகப் போகிறதா, தடுக்குகிறதா என்று கண்டுபிடிப்பவர் அவர். மகனுடைய குரல் தடுக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. மறுநாள் நான் ஆசிரியரிடம் கேட்டு வருவேன். அன்றிரவு குரல் நிற்காது. “சரி, அடுத்த பக்கம்” என்பார்.

அந்தத் தந்தையின் மகன்தான், முதல் நாள் அந்த அறையில் தோட்டத்தின் பெயரை மறைத்தவன். அன்றிரவு உறவினர் வீட்டில் படுத்திருந்த எனக்கு உறக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் எழுந்து பேச வேண்டும் என்றார்கள். எங்கள் குழுவினர் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் எழுந்து நின்று, “முதல் நாள் என் பள்ளியைப் பற்றி நான் கூறியது உண்மையன்று. என் பள்ளி ரப்பர்த் தோட்டத்தில் இருக்கிறது. என் மாணவரின் பெற்றோர் பால் வெட்டுபவர்கள். என் தந்தையும் பால் வெட்டியவரே” என்று தொடங்கி, திண்ணையில் நடந்த வாசிப்பைப் பற்றிச் சொன்னேன். என் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று பிழைகள் நேர்ந்தன. எனக்கே அவை தெரிந்தன. ஆயினும், பேசி முடித்ததும் தென் தாய்லாந்திலிருந்து வந்திருந்த ஆசிரியர் ஒருவரும் சுமாத்திராவிலிருந்து வந்திருந்த மற்றொருவரும் என்னைத் தேடி வந்தார்கள். உலகில் மிகுதியாக ரப்பர் விளைவிக்கும் நாடுகள் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் அல்லவா? “எங்கள் மாணவர் வீட்டிலும் ரப்பர்தான். ஆங்கிலம் தெரியாத பெற்றோரைக் கொண்டு என்ன செய்யலாம் என்று நாங்களும் திகைத்துக்கொண்டிருந்தோம். உங்கள் தந்தை செய்ததை இன்னொரு முறை விளக்கிச் சொல்லுங்கள்” என்று கேட்டார்கள். உணவு வேளை முடியுமட்டும் நாங்கள் மூவரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அன்பர்களே, அம்மாநாட்டில் நான் கேட்டவற்றை மூன்று செய்திகளாகத் தொகுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, தாய்மொழி ஆங்கிலத்துக்குப் பகையன்று. பிள்ளைக்குக் கல்வி தொடங்குவதற்குச் சிறந்த மொழி தாய்மொழியே என்று ஐக்கிய நாட்டுக் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோ 1953-லேயே அறிக்கை வெளியிட்டது. கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ், ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத் திறனும் சிந்தனைத் திறனும் இன்னொரு மொழிக்கும் துணை செய்யும் என்று 1979-இல் எடுத்துக்காட்டினார். இதை உங்களுக்கு விளக்க நான் மிகவும் பாடுபட வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தில் பால் வெட்டக் கற்றவர் வேறொரு தோட்டத்திற்கு மாறிப் போனால், கத்தி பிடிக்க மீண்டும் கற்பதில்லை. அங்குள்ள மரத்தின் போக்கை மட்டுமே புதிதாக அறிந்துகொள்கிறார். தமிழில் ஒரு கதையைக் கேட்டு, ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று எண்ணிப் பழகிய பிள்ளை, தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் அவ்வாறே எண்ணும். ஆகவே, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தாதீர்கள். உங்களுக்குத் தெரியாத மொழியில் பிள்ளையோடு பேச முயன்றால், பேச்சே குறைந்துபோகும். பேச்சு குறைந்த வீட்டில் எந்த மொழியும் வளராது.

இரண்டாவது, அச்சம் மொழியைத் தடுக்கும். அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் கிராஷன் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கேலிக்கும் தண்டனைக்கும் அஞ்சும் மனத்தில் புதிய மொழி இறங்குவதில்லை என்பது அவர் கருத்து. பட்டையில் அளவுக்கு மீறி ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம் படுகிறது. அன்று கொஞ்சம் பால் மிகுதியாக வரலாம். ஆனால், அந்த இடத்தில் பட்டை மீண்டும் ஒழுங்காக வளராது. பிள்ளையின் பிழையைக் கண்டு பலர் முன் நகைப்பதும் அடிப்பதும் அத்தகைய காயமே. முதல் நாள் என் வாயை அடைத்ததும் அச்சந்தான். அப்போது நான் முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஆசிரியன். ஒன்பது வயதுப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, எளிய புத்தகங்கள் பல வேண்டும். அவற்றை நாள்தோறும் வாசிக்க வேண்டும். பிஜித் தீவின் சோதனை நமக்குச் சொல்வது இதுவே. தேர்வுக்கு முந்திய மாதத்தில் பிள்ளையை நள்ளிரவு வரை விழிக்கச் செய்வதைவிட, ஆண்டு முழுவதும் நாளுக்குக் கால்மணி நேரம் வாசிக்கச் செய்வதே மேல்.

இனி, அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலம் அறியாத பெற்றோர் என்ன செய்யலாம்?

இரவு உணவுக்குப் பின் கால்மணி நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து வையுங்கள். பிள்ளையை அருகே அமர்த்தி, ஆங்கிலப் புத்தகத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் பொருள் விளங்க வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும். குரல் நிற்கும் இடத்தில் ஒரு பென்சில் கோடு போடச் சொல்லுங்கள். மறுநாள் அதை ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். கேட்டு வந்தானா என்று மறவாமல் விசாரியுங்கள்.

வாசித்து முடித்ததும், “இந்தக் கதையில் என்ன நடந்தது? தமிழில் சொல்லு, கேட்கலாம்” என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்லத் தெரிந்தால் பிள்ளைக்குப் பொருள் விளங்கியிருக்கிறது என்று அறியலாம். சொல்லத் தெரியாவிட்டால் வாய் மட்டுமே வாசித்திருக்கிறது என்று அறியலாம். இச்சோதனையை நடத்த உங்களுக்குத் தமிழ் போதும்.

பாட்டியும் தாத்தாவும் அறிந்த கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். பள்ளி நூலகத்திலிருந்து வாரம் ஒரு புத்தகமேனும் வீட்டுக்கு வரட்டும். புத்தகம் அழுக்காகிவிடும் என்று அஞ்சி அதை அலமாரியில் பூட்டி வைக்க வேண்டாம் என்று ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அலமாரியில் பூட்டிய புத்தகம் யாருக்கும் மொழி கற்பிப்பதில்லை.

இவையெல்லாம் செய்துவிட்டால் குறைகள் யாவும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல புத்தகங்களையும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களையும் தோட்டப்பள்ளிக்குக் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. பிள்ளையின் மனமறிந்து கற்பிப்பது ஆசிரியரின் கடமை. அவர்கள் செய்ய வேண்டியதைப் பெற்றோரின் தலையில் சுமத்துவது முறையாகாது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, “எங்கள் பள்ளிக்குக் கதைப்புத்தகங்கள் எத்தனை வந்தன?” என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அவ்வாறு கேட்பதைத் தலைமையாசிரியர் தவறாக எண்ணமாட்டார். ஆனால், பிள்ளை வாசிக்கும்போது அருகிலிருந்து கேட்கும் ஒருவரை எந்த அரசாங்கத்தாலும் அனுப்பி வைக்க முடியாது. அந்த இடம் உங்களுக்கே உரியது.

மாநாடு முடிந்து நான் வீடு திரும்பியபோது என் தந்தையார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். சிங்கப்பூரில் பல நாட்டு ஆசிரியர்கள் கூடிய இடத்தில் அவரைப் பற்றிப் பேசியதையும், தாய்லாந்து ஆசிரியரும் சுமாத்திரா ஆசிரியரும் கேட்டு எழுதிக்கொண்டதையும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். நீ வாசிக்கிறது கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்” என்றார்.

தாய்மார்களே, நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்தே மூன்று மொழிகளைப் பயில்கிறார்கள். அது சுமையாகத் தோன்றினாலும், மூன்றையும் தாங்கும் வலிமை அவர்களுக்கு உண்டு. இன்றிரவே தொடங்குங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு அருகில் அமர்த்தி, “ஒரு பக்கம் வாசி, அம்மா கேட்கிறேன்” என்று சொல்லுங்கள். அடுத்த முறை நான் வரும்போது, எத்தனை பக்கம் ஆயிற்று என்று உங்கள் பிள்ளைகளையே கேட்பேன்.